மதபா தேவாலயத் தரையில் கல்லால் பதித்த வரைபடம்: அரை மணி நேரம் போதுமா, எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குடும்பத்தோடு புனித பூமி யாத்திரை போகிறார்கள். ஜோர்டானின் அம்மானில் இறங்கி, நேபோ மலை, மதபா, அப்புறம் எல்லை தாண்டி எருசலேம். மதபாவின் புனித ஜார்ஜ் தேவாலயத்துக்குப் பயண ஏற்பாட்டாளர் அரை மணி நேரம்தான் ஒதுக்கியிருக்கிறார். படத்தில் பார்த்தால் உடைந்துபோன பழைய தரை மாதிரித் தெரிகிறது, வயதானவர்களை வண்டியிலிருந்து இறக்கி ஏற்றிக் கூட்டிப்போகும் அளவுக்கு அதில் என்ன இருக்கிறது, உள்ளே போனால் எதைப் பார்ப்பது என்று கேட்டிருக்கிறார்கள்.

கண்டிப்பாக இறங்குங்கள். அரை மணி நேரமே போதும், ஆனால் எங்கே நிற்க வேண்டும், எதைத் தேட வேண்டும் என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். தெரியாமல் போகிறவர்கள் ஐந்து நிமிடத்தில் வெளியே வந்து, "அவ்வளவுதானா?" என்று கேட்பதை நான் நின்று பார்த்திருக்கிறேன். அவர்கள் மேல் தப்பில்லை. அது பார்த்து ரசிக்கிற தரை இல்லை, படிக்கிற தரை. எழுத்து தெரியாத மொழியில் ஒரு கடிதத்தைக் கையில் கொடுத்தால் யாரும் ஐந்து நிமிடத்தில் மடித்துத்தான் வைப்பார்கள்.

முதலில் ஒரு குழப்பத்தை எடுத்துவிடலாம். மொசைக் தரை என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது 70களிலும் 80களிலும் கட்டிய வீடுகளின் தரை. சிமெண்டில் சலவைக்கல் துகள்களைக் கலந்து கொட்டி, காய்ந்த பிறகு மிஷின் வைத்துத் தேய்த்து, வீடு முழுக்கச் சேறாக ஓடுமே, அது. மதபாவில் இருப்பது வேறு. ஒவ்வொரு சில்லும் கையால் உடைத்து, கையால் பதித்தது. தரையைச் சமன்படுத்தி, கூழாங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் அடுக்கடுக்காகப் போட்டு, மேலே கடைசி அடுக்குச் சுண்ணாம்பு ஈரமாக இருக்கும்போதே, சுமார் ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள கல் சில்லுகளை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக அழுத்திக்கொண்டே போக வேண்டும். ஈரம் காய்வதற்குள் எவ்வளவு பதிக்க முடியுமோ அவ்வளவுக்கு மட்டும்தான் சாந்து பூச முடியும். நிறம் பெரும்பாலும் கல்லின் சொந்த நிறம்: வெள்ளை, சந்தன நிறம், செங்கல் சிவப்பு, ரோஜா, சாம்பல், கறுப்பு. பூசிய நிறம் இல்லை என்பதால்தான் ஏறத்தாழ 1,450 வருஷம் கழித்தும் வெளுக்காமல் கிடக்கிறது. முழுசாக இருந்தபோது அதில் சுமார் 20 லட்சம் சில்லுகள் இருந்திருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். 21 மீட்டருக்கு 7 மீட்டர் என்ற அளவில் இருந்ததாகக் கருதப்படும் அந்தத் தரையில் இப்போது மிச்சம் இருப்பது சுமார் 16க்கு 5 மீட்டர், அதுவும் ஓட்டை ஓட்டையாக.

அந்தத் தரையில் இருப்பது பூவோ கொடியோ இல்லை, ஒரு நாட்டின் வரைபடம். வடக்கே லெபனான் பக்கத்திலிருந்து தெற்கே எகிப்தின் நைல் கழிமுகம் வரைக்கும், மேற்கே மத்தியதரைக் கடலிலிருந்து கிழக்கே பாலைவனம் வரைக்கும். ஊர்கள், ஆறுகள், மலைகள், கோட்டைகள், தேவாலயங்கள், ஏறத்தாழ 150 இடங்களுக்குக் கிரேக்கத்தில் பெயர். புனித பூமியைக் காட்டும் வரைபடங்களில் அசலாகவே நம் கைக்கு வந்து சேர்ந்தவற்றில் இதுதான் மிகப் பழையது. மற்ற பழைய வரைபடங்கள் பலவும் பிற்காலத்தில் யாரோ பார்த்து எழுதிய பிரதிகளாகத்தான் நமக்குக் கிடைத்திருக்கின்றன. இது அப்படி இல்லை. எந்தக் கை பதித்ததோ அந்தக் கை பதித்த கல்லையே பார்க்கிறோம்.

சரி, எங்கே நிற்பது? உள்ளே போனதும் பீடத்தைப் பார்த்து நில்லுங்கள். அது கிழக்கு. நாம் பள்ளிக்கூடத்தில் படித்த வரைபடத்தில் வடக்கு மேலே இருக்கும். இங்கே கிழக்குதான் மேலே. வழிபட வந்தவர்கள் கிழக்கு நோக்கி நிற்பார்கள், அவர்கள் கண்ணுக்கு நேராக எழுத்துகள் இருக்க வேண்டும், அதனால் இப்படி. அதோடு இன்னொன்றும் நடந்துவிட்டது: தரையில் இருக்கும் வடக்கு நிஜமான வடக்கு, தரையில் இருக்கும் தெற்கு நிஜமான தெற்கு. உங்கள் இடது கைப் பக்கம் கலிலேயா, வலது கைப் பக்கம் எகிப்து. காலடியில் மத்தியதரைக் கடல் (பெரும்பகுதி அழிந்துபோய்விட்டது), எட்ட இருப்பது யோர்தானும் சவக்கடலும், அதற்கும் அப்பால் மோவாப் மலைநாடு.

நேபோ மலைக்கு முதலில் போகிறீர்கள் என்றால் இதைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். நேபோவில் நீங்கள் மேற்கே பார்த்து நிற்பீர்கள். சவக்கடல் இடது பக்கம், கீழே எரிகோ, தெளிவான நாளில் தூரத்தில் எருசலேமின் மலைமுகடு. அங்கிருந்து 10 கிலோமீட்டர் வந்து மதபாவின் தரையைப் பார்த்தால் எல்லாம் தலைகீழாக இருக்கும், ஏனென்றால் இங்கே நீங்கள் மத்தியதரைக் கடலின் மேலே பறந்துகொண்டு கிழக்கே பார்க்கிற மாதிரி நிற்கிறீர்கள். ஒரே நாடு, எதிர் எதிர்ப் பக்கத்திலிருந்து. பலபேர் குழம்புவது இந்த இடத்தில்தான். மோசே சாவதற்கு முன் நேபோவின் உச்சியிலிருந்து பார்த்த நாட்டைத்தான் இந்தத் தரை காட்டுகிறது என்று ஆய்வாளர்கள் சிலர் சொல்கிறார்கள். உபாகமம் 34ஆம் அதிகாரத்தில் வரும் பேரீச்ச மரங்களின் பட்டணமான எரிகோவும், கடைசியாகச் சொல்லப்படும் சோவாரும் தரையிலும் பேரீச்ச மரங்களோடுதான் இருக்கின்றன. கேட்க அழகான விளக்கம், மதபா இருக்கும் இடத்துக்கும் பொருந்துகிறது. ஆனாலும் என்னால் அதை முழுசாக ஏற்க முடியவில்லை. மோசே கிழக்கே நின்று மேற்கே பார்த்தவர். இந்தத் தரை மேற்கிலிருந்து கிழக்கே பார்க்கிறது. கடல் வழியாக வந்து இறங்கி, எருசலேமுக்கும் பெத்லகேமுக்கும் நடந்துபோன யாத்திரிகர்களின் கண்தான் இதில் எனக்குத் தெரிகிறது.

இப்போது எருசலேமுக்கு வாருங்கள். தேட வேண்டியதே இல்லை, நீள்வட்டமாக மதில் சூழ ஒரு நகரம், மற்ற ஊர்களைவிடப் பல மடங்கு பெரிதாக. மற்ற இடங்களின் அளவை வைத்துப் பார்த்தால் இதை மட்டும் கிட்டத்தட்ட பத்து மடங்கு பெரிதாக்கி வைத்திருக்கிறார்கள். "பரிசுத்த நகரம் எருசலேம்" என்று சிவப்பு எழுத்தில் பெயர். முட்டையை இடது வலமாகப் படுக்க வைத்த மாதிரி அந்த நகரம் இருக்கும். அதன் இடது முனையில், அதாவது வடக்கே, ஒரு வாசல். வாசலுக்கு உள்ளே வெட்டவெளி, அந்த வெட்டவெளியின் நடுவில் தனியாக ஒரு தூண் நிற்கும். இன்று டமாஸ்கஸ் வாசல் என்று சொல்கிறோமே, அதுதான் இது. இன்று அங்கே தூண் கிடையாது. ஆனால் அரபியில் அந்த வாசலை இன்னமும் பாப் அல் அமூத், அதாவது தூண் வாசல் என்றுதான் கூப்பிடுகிறார்கள். தூண் போய் நூற்றாண்டுகள் ஆகியும் பெயர் ஊர்க்காரர்கள் வாயில் ஒட்டிக்கொண்டது. எதற்காக அந்தப் பெயர் என்று கண்ணால் காட்டுவது இந்தத் தரைதான்.

அந்த வெட்டவெளியிலிருந்து கிளம்பி நகரத்தின் நடுவே ஒரு அகலமான தெரு இடமிருந்து வலமாக ஓடும். இரண்டு பக்கமும் தூண் வரிசை. கவனமாகப் பாருங்கள், மேல் வரிசைத் தூண்கள் நேராக நிற்கும், கீழ் வரிசை தலைகீழாக இருக்கும். தெருவின் நடுவில் நின்றுகொண்டு இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்து, இரண்டையும் அப்படியே தரையில் விரித்துப் போட்ட மாதிரி. அந்தக் கீழ் வரிசையின் நடுவில் தூண்களை மறித்துக்கொண்டு நாலு படிகள், படிகள் ஏறினால் மூன்று கதவுகள், அதற்குக் கீழே முக்கோண முகப்பு, சிவப்புக் கூரை, கடைசியில் பொன்னிறக் குவிமாடம். எல்லாமே தலைகீழாக. இயேசுவின் கல்லறைத் தேவாலயம் அதுதான். அப்போது அதன் முகப்பு கிழக்கே பார்த்தது, தெருவிலிருந்து படியேறித்தான் உள்ளே போக வேண்டும். பதித்தவர் அதை மாற்றாமல் இருந்தபடி வைத்திருக்கிறார். தலையைச் சாய்த்துப் பார்த்தால் சட்டென்று புரியும். எனக்கு அந்த நிமிஷம் மறக்கவே மறக்காது. அதுவரை கோடும் கட்டமுமாகத் தெரிந்த இடம் ஒரே நொடியில் கட்டடமாக எழுந்து நின்றது, படியும் கதவும் கூரையுமாக, கை நீட்டினால் கதவைத் தட்டலாம் போல. உங்கள் கைபேசியில் படம் எடுத்துத் திருப்பிப் பார்த்தாலும் போதும். நகரத்துக்குள் சிவப்புக் கூரை கண்டால் தேவாலயம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

யூதர்களின் ஆலயம் இருந்த மலையைத் தேடினால் ஏறக்குறைய கிடைக்காது. அந்தக் காலத்தில் அது இடிபாடாகக் கிடந்தது. வரைந்தவர்களுக்கு அது முக்கியமாகவும் படவில்லை. பொன்னிறக் குவிமாடத்தோடு இன்று எருசலேம் படங்களிலெல்லாம் வருகிற பாறைக் குவிமாடம் 691இல்தான் கட்டி முடிந்தது. இந்தத் தரை அதற்கு நூறு வருஷத்துக்கும் மேல் முந்தையது.

எப்படி அவ்வளவு உறுதியாக வயது சொல்கிறார்கள்? நகரத்தின் வலது பக்கம், தெரு முடியும் இடத்தில் தெருவுக்கு மேலே இன்னொரு பெரிய தேவாலயம் இருக்கிறது. ஜஸ்டினியன் பேரரசர் கட்டிய புதிய மரியன்னை தேவாலயம், நேயா என்று சொல்வார்கள், 542 நவம்பர் 20இல் அர்ச்சிக்கப்பட்டது. அது தரையில் இருக்கிறது, ஆக தரை 542க்குப் பிந்தியது. 570க்குப் பிறகு எருசலேமில் எழுந்த கட்டடங்கள் எதுவும் இல்லை. எனவே இரண்டுக்கும் இடையில். இல்லாததை வைத்தும் வயது சொல்ல முடிகிறது பாருங்கள்.

இனி, இந்தத் தரையை ஏன் இவ்வளவு பேசுகிறார்கள் என்ற கேள்விக்கு வருகிறேன். பக்திப் படம் வரைந்திருக்கிறார்கள், அழகாக இருக்கிறது, அவ்வளவுதான் என்று முன்பு நினைக்க இடம் இருந்தது. 20ஆம் நூற்றாண்டில் மண்வெட்டி பேச ஆரம்பித்தது. 1967க்குப் பிறகு எருசலேமின் பழைய நகரத்தில் தொல்லியலாளர் நஹ்மான் அவிகாத் தலைமையில் தோண்டினார்கள். அந்தத் தூண் வரிசைத் தெரு மண்ணுக்கு அடியில் அப்படியே கிடந்தது, வரைபடம் சொன்ன திசையில், தூண்களின் அடிப்பாகங்களோடு. நேயா தேவாலயத்தின் அடித்தளமும் வரைபடம் காட்டிய மூலையிலேயே கிடைத்தது. அதன் கீழே இருந்த நிலத்தடித் தொட்டியில் ஜஸ்டினியன் பெயர் போட்ட கல்வெட்டும் இருந்தது. 2010 பிப்ரவரியில் யாப்பா வாசல் அருகே தெருவுக்குச் சுமார் நாலரை மீட்டர் கீழே பெரிய பெரிய கற்கள் பாவிய இன்னொரு சாலை வெளிப்பட்டது. மேற்கு வாசலிலிருந்து நகரத்துக்குள் போகும் ஒரு தெருவை மதபா தரை காட்டுகிறது, ஆனால் அதுவரை யாரும் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. ஒவ்வொரு முறையும் தோண்டியவர்கள் கடைசியில் இந்தத் தரையின் படத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள்.

எருசலேமில் மட்டும் இல்லை. சவக்கடலின் தென்கிழக்கு மூலையில், வரைபடத்தின் வலது மேல் பக்கம், "பரிசுத்த லோத்துவின்" என்று ஒரு தேவாலயம் குறித்திருக்கிறார்கள். சோதோம் எரிந்தபோது தப்பி ஓடி குகையில் தங்கினாரே, அந்த லோத்து. அப்படி ஒரு இடம் உண்மையில் இருந்ததா என்பது வெகு காலம் கேள்வியாகவே இருந்தது. 1980களின் கடைசியில் ஜோர்டானின் சாபி என்ற ஊருக்குப் பக்கத்தில், மலைச்சரிவில், டெய்ர் ஐன் அபாத்தா என்ற இடத்தில் தொல்லியலாளர் கான்ஸ்டான்டினோஸ் பொலிட்டிஸ் தோண்ட ஆரம்பித்தார். ஒரு மடம், ஒரு தேவாலயம், தேவாலயத்தின் ஓரத்தில் இயற்கையான ஒரு குகை, லோத்துவின் பெயரைச் சொல்லி வேண்டும் கல்வெட்டுகள். தரையில் இருந்த சில எழுத்துகள் ஒரு மலைச்சரிவில் போய் உண்மையாகின.

இயேசு திருமுழுக்குப் பெற்ற இடம் கிழக்குக் கரையா மேற்குக் கரையா என்று இன்றும் கேட்பார்கள், உங்கள் குழுவிலும் நிச்சயம் யாராவது கேட்பார்கள். வரைபடத்தில் யோர்தான் சவக்கடலில் விழும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் மேற்குக் கரையில் பெத்தாபரா, யோவானின் திருமுழுக்கு இடம் என்று எழுதியிருக்கிறது. எதிர்க்கரையில் அயினோன், இப்போது சப்சாபாஸ் எனப்படுவது என்று இன்னொரு பெயர். ஜோர்டான் பக்கத்தில் அல் மக்தாஸ் என்ற இடத்தில் 1990களில் தோண்டியபோது தேவாலயங்களும் குளங்களும் வரிசையாகக் கிடைத்தன, 2015இல் அது யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. 6ஆம் நூற்றாண்டிலேயே இரண்டு கரைக்கும் யாத்திரிகர்கள் போய்க்கொண்டிருந்தார்கள் என்பதை இந்தத் தரை ஒரே பார்வையில் காட்டிவிடுகிறது.

யோர்தானுக்கு வந்தாகிவிட்டது, அங்கேயே நில்லுங்கள். இந்தத் தரையில் எனக்கு மிகப் பிடித்த இடம் அதுதான். இடமிருந்து வலமாக ஓடி வருகிறது ஆறு, உள்ளே மீன்கள். சவக்கடலின் வாயில் ஒரு மீன் மட்டும் எதிர்நீச்சல் போட்டுத் திரும்பி வருகிறது, கடலுக்குப் போகிற மீனுக்கு எதிரே. கடல்நீரைவிட ஒன்பது பத்து மடங்கு உப்பு கரிக்கும் தண்ணீரில் எந்த மீனும் பிழைக்காது, அது அந்த மீனுக்குத் தெரிந்துவிட்டது! எழுத்து எதுவும் இல்லாமல், நாலைந்து வரிக் கல்லால் சவக்கடல் என்றால் என்ன என்று சொல்லிவிட்டார் அந்தக் கைவினைஞர். குழந்தைகள் கூட வந்தால் இதை முதலில் காட்டுங்கள், மீதியை அவர்களே தேடிக் கண்டுபிடிப்பார்கள். ஆற்றின் குறுக்கே ஓடத்துறை தெரியும், கயிற்றைப் பிடித்து இழுத்து அக்கரை போகிற துறை, பரிசல் துறை பார்த்தவர்களுக்கு உடனே புரிந்துவிடும். அதற்கு மேலே, மோவாப் சமவெளியில், ஒரு மான் ஓடுகிறது, பின்னால் சிங்கம் துரத்துகிறது. சிங்கத்தில் மிச்சம் இருப்பது பின்கால்களும் வாலும் அளவுக்குத்தான். உடம்பு இருக்க வேண்டிய இடத்தில் கல் சில்லுகள் தாறுமாறாகக் கிடக்கும்.

அது காலத்தால் அழிந்தது அல்ல, யாரோ வேண்டுமென்றே செய்தது. சவக்கடலில் இரண்டு படகுகள் இருக்கின்றன, சரக்கோடு. படகு தெளிவாக இருக்கிறது, துடுப்பு இருக்கிறது, சரக்குக் குவியல் இருக்கிறது (ஒன்றில் உப்பு என்கிறார்கள்), படகோட்டிகள் மட்டும் இல்லை. அவர்கள் உருவத்தில் இருந்த கற்களைப் பெயர்த்து, கலைத்து, மறுபடி அங்கேயே பதித்திருக்கிறார்கள். 8ஆம் நூற்றாண்டில் இந்தப் பகுதி முழுக்க உயிருள்ளவற்றின் உருவங்களை அழிக்கும் அலை ஒன்று வீசியது. கலீபா இரண்டாம் யசீத் 721இல் போட்ட ஆணையோடு சிலர் இதைச் சேர்த்துச் சொல்வார்கள், உள்ளூர்க் கிறிஸ்தவர்களே தங்கள் தேவாலயத்தைத் தொடர்ந்து பயன்படுத்தச் செய்துகொண்ட மாற்றம் என்றும் சொல்வார்கள். இரண்டாவது எனக்கு நியாயமாகப் படுகிறது, ஏனென்றால் வெறுப்பில் உடைக்கிறவன் சுத்தியலை எடுத்து ஓங்குவான், குந்தி உட்கார்ந்து சில்லு சில்லாகத் திரும்பப் பதிக்க மாட்டான். மீன்கள் ஏன் தப்பின என்று மட்டும் தெரியவில்லை, தப்பியதே பெரிய சந்தோஷம்.

எல்லாமே துல்லியம் என்று நினைத்துவிடாதீர்கள். இடம் போதாத இடத்தில் நைல் நதியைத் திருப்பிவிட்டிருக்கிறார்கள். தெற்கிலிருந்து வடக்கே ஓட வேண்டிய ஆறு இங்கே கிழக்கிலிருந்து மேற்கே ஓடுகிறது. அந்தச் சுவருக்குள் அடங்க வேண்டுமே! இடப்பெயர்களில் பெரும்பகுதியை, செசரியாவின் ஆயர் யூசேபியஸ் 4ஆம் நூற்றாண்டில் தொகுத்த விவிலிய இடப்பெயர் அகராதியிலிருந்து எடுத்திருக்கிறார்கள். கோத்திரங்களின் பங்கு வரும் இடத்தில் வசனமும் வரும், செபுலோன் கடற்கரையில் குடியிருப்பான், தாண் ஏன் கப்பல்களில் தங்கினான் என்ற மாதிரி. நேரில் தெரிந்த ஊரும் வேதத்தில் படித்த ஊரும் ஒரே தரையில் பக்கத்தில் பக்கத்தில். காசாவின் படம் பாதிதான் பிழைத்திருக்கிறது, தூண் வரிசைத் தெருக்களோடு எவ்வளவு பெரிய பட்டணமாக இருந்தது என்று அந்தப் பாதியிலேயே தெரியும். அதைப் பார்த்துவிட்டுச் சீக்கிரம் நகர என்னால் முடியவில்லை.

இது எப்படித் தப்பியது என்பதையும் சொல்ல வேண்டும். மதபா சின்ன ஊர்தான், ஆனால் பழைய ஊர். தமிழ் வேதாகமத்தில் மேதேபா என்று வருவது இதுதான், மோவாப் அரசன் மேசாவின் கல்வெட்டிலும், அதாவது கி.மு. 9ஆம் நூற்றாண்டிலேயே, பெயர் இருக்கிறது. 6ஆம் நூற்றாண்டில் இங்கே மொசைக் கைவினைஞர்களின் பெரிய பாரம்பரியமே இருந்தது. அதே ஊரில் அப்போஸ்தலர்கள் தேவாலயத்தில் சலமானியோஸ் என்ற கலைஞர் 578இல் ஒரு தரையில் தன் பெயரையே போட்டிருக்கிறார், கடலைப் பெண்ணாக உருவகித்து நடுவில் வைத்திருக்கும் தரை அது, நேரம் இருந்தால் அதையும் பாருங்கள். வரைபடத்தில் பதித்தவர் பெயர் எங்கும் மிஞ்சவில்லை. 749இல் வந்த பெரிய நிலநடுக்கத்துக்குப் பிறகு ஊர் மெல்லக் காலியாகி, ஆயிரம் வருஷம் போல மண்மேடாகக் கிடந்தது.

1880 வாக்கில் தெற்கே கரக் நகரத்திலிருந்து சில கிறிஸ்தவக் குடும்பங்கள் கிளம்பி வந்து இந்த மேட்டில் குடியேறினார்கள். பழைய தேவாலயம் இருந்த இடத்தில் மட்டும்தான் புதியது கட்டலாம் என்பது ஒட்டோமான் அரசின் நிபந்தனை. அதனால் வழிபட இடம் வேண்டும் என்றால் முதலில் பழைய தரையைத் தேடியாக வேண்டும். தோண்டத் தோண்ட ஊர் முழுக்கச் சித்திரத் தரைகள். புனித ஜார்ஜ் தேவாலய இடத்தில் வரைபடம் கிடக்கிறது என்று 1884லேயே தெரியும், எருசலேமின் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் தலைமையிடத்துக்குச் செய்தியும் போனது, ஆனால் உடனே யாரும் வந்து பார்க்கவில்லை. 1896இல் தேவாலயம் கட்டி முடிந்தது. கட்டும் வேலையில் தரை நிறையவே அடிபட்டது. அதன் பிறகு தலைமையிடத்து நூலகர் கிளியோபாஸ் கொய்கிலிடிஸ் வந்து பார்த்து, கையில் இருப்பது என்ன என்று புரிந்துகொண்டு 1897இல் உலகத்துக்குச் சொன்னார். பத்து வருஷம் முன்னால் அவர் வந்திருந்தால் என்று நினைக்கும்போதெல்லாம் மனசு கனத்துவிடும். ஆனாலும் அந்தக் குடும்பங்கள் வராமல் இருந்திருந்தால் ஒன்றுமே வெளியே வந்திருக்காது, அதையும் சொல்லத்தான் வேண்டும். அவர்கள் விட்டுவந்த கரக் இந்த வரைபடத்தில் மதிலோடு இருக்கிறது, சவக்கடலுக்கு மேலே வலது பக்கம். குடிவந்த மதபாதான் இல்லை, அது இருந்திருக்க வேண்டிய பகுதி அழிந்துவிட்டது.

தரையின் மேல் அதற்குப் பிறகும் ஈரமும் தீயும் நடமாட்டமும் பட்டுக்கொண்டேதான் இருந்தன. 1965இல் ஜெர்மனியிலிருந்து ஹைன்ஸ் கூப்பர்ஸும் ஹெர்பர்ட் டோனரும் வந்து, தரையைப் பகுதி பகுதியாகத் தூக்கி, சுத்தம் செய்து, உறுதியான புதுப் படுக்கையில் திரும்பப் பொருத்தினார்கள். வோக்ஸ்வாகன் அறக்கட்டளை பணம் கொடுத்தது. இன்று நீங்கள் அதைத் தெளிவாகப் பார்க்க முடிகிறது என்றால் அந்த மாதங்களின் உழைப்பும் அதில் இருக்கிறது. இல்லாத இடங்களைக் கற்பனையாக நிரப்பாமல் வெறுமையாகவே விட்டிருக்கிறார்கள். அதனால்தான் படத்தில் "உடைந்த தரை" மாதிரித் தெரிகிறது. எனக்கு அது சரியான முடிவாகவே படுகிறது.

கடைசியாகக் கொஞ்சம் நடைமுறை. இது அருங்காட்சியகம் அல்ல, ஊர் மக்கள் வழிபடும் தேவாலயம். ஞாயிறு காலை திருவழிபாடு நடக்கும், அந்த நேரத்தை உங்கள் ஏற்பாட்டாளரிடம் தவிர்க்கச் சொல்லுங்கள். தேவாலயம் சின்னதுதான், நேபோ மாதிரி ஏற்றமோ நீண்ட நடையோ கிடையாது, பெரியவர்கள் மெதுவாக வரலாம். உள்ளே போவதற்கு முன் வெளியே விளக்கப் படங்கள் வைத்திருக்கும் இடத்தில் பத்து நிமிடம் நின்று எருசலேம், யோர்தான், எரிகோ மூன்றும் எங்கே என்று பிடித்துக்கொள்ளுங்கள், உள்ளே கூட்டத்தில் யாரும் உங்களுக்கு நிதானமாகக் காட்ட மாட்டார்கள். வரைபடத்தைச் சுற்றித் தடுப்பு இருக்கும், கிட்டே போக முடியாது, கைபேசியில் பெரிதாக்கிப் பார்ப்பதுதான் வழி. முடிந்தால் இரண்டு சுற்றுக்குழுக்களுக்கு நடுவில் கிடைக்கும் ஐந்து நிமிட அமைதிக்காகக் காத்திருங்கள். அப்புறம், எருசலேம் நகரத்தை மட்டும் தனியாக ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் கழித்து டமாஸ்கஸ் வாசலுக்கு உள்ளே நிற்கும்போது அதை எடுத்துப் பாருங்கள், அங்கிருந்து பழைய தூண் தெரு வரைக்கும் கையில் அந்தப் படத்தோடு நடந்து போகலாம். தெருவின் தோண்டியெடுத்த பகுதியில் மதபா தரையின் நகல் ஒன்றை மாட்டியே வைத்திருக்கிறார்கள்.